'லீவ்' என்ற வினைச்சொல்லும் பிள்ளையார்பாளையத்துப் பச்சையம்மாளும்

1

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் கோதை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, "அப்பா, நான் ஸ்கூலை விட்டுட்டேன்" என்றாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண், படிப்பில் கெட்டிக்காரி. "ஏன் விட்டுட்டே? யாராவது ஏதாவது சொன்னாளா?" என்று பதறினேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூணு மணிக்கு பெல் அடிச்சது, விட்டுட்டேன். எப்பவும் மூணு மணிக்குத்தானே விடறேன்?"

அதாவது, பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிவிட்டாளாம். இந்த டர்பன் நகரத்தில் பிறந்த குழந்தை இங்கிலீஷில் நினைத்துத் தமிழில் பேசுகிறது. இங்கிலீஷில் 'லீவ்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினாலும் லீவ், படிப்புக்கே முழுக்குப் போட்டாலும் லீவ். "அப்படிச் சொல்லப்படாது. கிளம்பிட்டேன்னு சொல்லணும்" என்று திருத்தினேன். "ஓ, லீவ் இட், அப்பா!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுப்படியில் என் மனைவி சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எந்த வார்த்தையைப் பற்றி வேண்டுமானாலும் நான் பாடம் நடத்தலாம், இந்த ஒரு வார்த்தையைப் பற்றி நடத்த எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைக் காஞ்சிபுரத்தில் இதைப் படிக்கப்போகிற உங்களுக்கு இத்தனை வருஷமாக எழுதாமல் இருந்தேன். ஊரில் என்னைப் பற்றி இன்னும் நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிற நாலைந்து பேருக்கும் அது இன்றோடு தீரட்டும்.

2

நம் ஊரில் மனிதன் கற்கும் முதல் இங்கிலீஷ் வார்த்தை லீவுதான். ஏ, பி, சி, டி எழுதத் தெரியாதவனும் லீவு லெட்டர் எழுதுவான். எங்கள் ஹைஸ்கூலில் ஜுரம் வந்தவனும் அதையே எழுதினான், கருட சேவை பார்க்கப் போனவனும் அதையே எழுதினான். ஒரு பையன் எழுதி வைத்துவிட்டுப் போனதை மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பியடித்து வந்தார்கள். கடைசி வரியில் இருந்த எழுத்துப் பிழைகூட மாறாமல் வந்துகொண்டிருந்தது.

இங்கிலீஷ் வாத்தியார் பிரம்பை மேஜைமேல் தட்டுவார். "லீவ்?" என்பார். "லீவ், லெப்ட், லெப்ட்!" என்று நாற்பது பேர் கத்துவோம். "அர்த்தம்?" "விடு, விட்டான், விடப்பட்ட!" அவ்வளவுதான் பாடம். விடுவதில் எத்தனை விதம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததா என்பதும் எனக்குச் சந்தேகம். குடையை மறந்து வைத்துவிட்டு வந்தால் லெப்ட். குழந்தையைப் பத்திரமாக ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தால் லெப்ட். கட்டிய மனைவியை இனி வேண்டாம் என்று உதறினாலும் அதே லெப்ட். இடது கைக்கும் லெப்ட். உலகத்தில் பாதியைக் கட்டியாளுகிற ஒரு ஜாதி இத்தனைக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது.

நான் அந்தக் கத்தலில் முதல் குரல். இலக்கணத்தில் பரிசு வாங்கினவன். வடக்கு மாடவீதியில் நான் நடந்து போனால், "மடமடன்னு இங்கிலீஷ் பேசுவான்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். மடமடவென்று பேசுவதுதான் எங்கள் தெருவுக்கு இங்கிலீஷ். பேசுகிறவன் என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் கப்பலேறினேன். கடல் தாண்டினதற்காக எங்கள் குடும்பம் என்னோடு சாப்பாட்டை நிறுத்திக்கொண்டது. கடிதத்தை மட்டும் நிறுத்தவில்லை. தபால்காரன் கொண்டு வந்தால் தீட்டு இல்லை போலிருக்கிறது.

டர்பனில் எனக்குக் கிடைத்த வேலை சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியேற்ற அலுவலகம், அதில் எனக்கென்று ஒரு மேஜை, ஒரு மைக்கூடு. தமிழில் சொல்வதை நான் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது சட்டத்துக்கு முன்னால் சொன்னவனே சொன்ன மாதிரி. டிராம் வண்டியில் எனக்கும் பின்வரிசைதான். ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து, வரிசையில் நின்ற நம் ஜனங்கள் எனக்குக் கைகூப்பினார்கள். அது போதுமாக இருந்தது.

3

அந்த வரிசையில் ஒருநாள் ஏழுமலை வந்து நின்றான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தென்னேரிக்காரன். மீசை முளைக்காத வயதில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு வந்தான். இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். பெண் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம், பெயர் பச்சையம்மாள். நெசவுக்காரர் வீடுகளில் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை செய்பவள். திரும்பி வந்த பிறகு பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. அதன் முகத்தை அவன் பார்த்ததில்லை.

படிப்பு வாசனை இல்லாதவன். அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். கடிதம் சின்னக் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அண்ணா பெயருக்குப் போகும். பச்சையம்மாள் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பாள், அண்ணா படித்துச் சொல்வார்.

பெண்டாட்டி பிள்ளையை வரவழைக்க ஏழுமலைக்கு அனுமதி வேண்டும். அதற்கு வாக்குமூலம் வேண்டும். நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சொல்லு" என்றேன்.

"கலியாணம் பண்ணிக்கினு ஒரு வருசம் அங்கயே இருந்தேன் சாமி. அப்பால, பொஞ்சாதிய காஞ்சிபுரத்துல அவங்க அம்மா வூட்டுல வுட்டுட்டு, ரெண்டு வருசத்துல கூப்டுக்கறேன்னு சொல்லிட்டுக் கப்பலேறிட்டேன்."

மணி பன்னிரண்டரை. எனக்குப் பசி. அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். அம்மா வீடு, ரெண்டு வருஷம் என்பதெல்லாம் வளவள என்று எனக்குத் தோன்றியது. சுருக்கமே இங்கிலீஷின் அழகு என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 'ஒரு வருஷம் மனைவியோடு வாழ்ந்தேன், பிறகு அவளை லெப்ட் செய்துவிட்டுக் கப்பலேறினேன்' என்று ஒரே வரியில் முடித்தேன். எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். ஏழுமலை கைநாட்டு வைத்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

தமிழில் என்னிடம் யாராவது, "அவன் பெண்டாட்டியை விட்டுட்டான்" என்று சொன்னால் எனக்குப் புரிந்திருக்கும். இங்கிலீஷில் நானே அதை எழுதினேன், எனக்குப் புரியவில்லை.

4

அலுவலகத்து அதிகாரிக்குப் புரிந்தது. அவர் கெட்டவரல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒழுங்கான மனிதர், பென்சிலைத் தினமும் தாமே சீவிக்கொள்வார். மனைவியைக் கைவிட்டவன் இப்போது எதற்காக அழைக்கிறான், வரப்போகிறவள் உண்மையில் அவன் மனைவிதானா என்று விசாரித்துச் சொல்லும்படி இந்தியாவுக்கு ஒரு காகிதம் அனுப்பினார். எனக்கு அது தெரியாது. ஏழுமலை சனிக்கிழமைதோறும் பீன்ஸோ முட்டைக்கோஸோ கொண்டு வந்து, "ஆபீஸ்ல எதுனா சொன்னாங்களா சாமி?" என்று கேட்பான். "சர்க்கார் காரியம்பா, மெதுவாத்தான் நடக்கும்" என்று ஞானி மாதிரி சொல்லி அனுப்புவேன்.

ஐந்து மாதம் கழித்து அண்ணாவின் கடிதம் வந்தது.

தாலுகா கச்சேரி ஆள் ஒருவன் பிள்ளையார்பாளையத்துக்குப் போயிருக்கிறான். அவனும் இங்கிலீஷ் தெரிந்தவன்தான். நம் ஜில்லாவுக்கு அதில் என்ன குறை? பச்சையம்மாளை நடுத்தெருவில் நிறுத்தி, அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூட்டி, காகிதத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டிருக்கிறான்: "உன்னை உன் புருஷன் தள்ளி வெச்சுட்டதா அவனே எழுதிக் கொடுத்திருக்கான். வாஸ்தவமா?"

ஏழுமலை வாயிலிருந்து புறப்பட்ட ஒரு வார்த்தை என் மேஜையில் இங்கிலீஷாகி, கடல் கடந்து காஞ்சிபுரத்தில் மறுபடி தமிழாகியிருந்தது.

அவள் இல்லை என்றாள். தெரு ஆம் என்று வைத்துக்கொண்டது. சர்க்கார் காகிதம் பொய் சொல்லுமா? ஒரு வாரத்தில் வாழாவெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்த வீட்டில் பெண்ணுக்கு நலங்கு. எல்லோருக்கும் மஞ்சள் குங்குமம் கொடுத்த அந்த வீட்டம்மாள் இவளைத் தாண்டிப் போனாள். மறுநாள், "கொஞ்ச நாள் வரவாணாம்மா" என்று சொல்லிவிட்டாள். கூடப் பிறந்த அண்ணன், "அவன் எழுதியே குடுத்துட்டான். இன்னும் இன்னாத்துக்கு அவன் பேரைச் சொல்லிக்கினு இருக்கே? பஞ்சாயத்தைக் கூட்டித் தீத்துடலாம்" என்று ஆரம்பித்தான்.

அவள் இடுப்பில் குழந்தையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அண்ணா அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுதியிருந்தார்.

"சாமி, அவுரு கடுதாசில அப்டி எதுனா எழுதியிருந்துதா? படிச்சா எம்மனசு ஒடிஞ்சுடும்னு நீங்க சொல்லாம வுட்டுட்டீங்களா?"

"இல்லையம்மா. ஒரு கடிதத்திலும் அப்படி இல்லை."

"அப்படின்னா அந்தக் காயிதம் பொய்யி. அவுரு என்னை வுட்டுட்டுப் போனாரு, வாஸ்தவம்தான். கப்பலுக்குப் போற அன்னிக்கு எங்கம்மா கையில புடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு. வுட்டுட்டுப் போனாரு சாமி. வுட்டுடல."

அந்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். விட்டுவிட்டுப் போனார், விட்டுவிடவில்லை. பரிசு வாங்கின எனக்குத் தெரியாத இலக்கணத்தைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கடைசியில் அண்ணா தம் பங்குக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: 'அங்கே எழுதினவன் எந்த மடையன் என்று விசாரித்துத் தெரிவிக்கவும்.'

5

விசாரிக்க அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான் மூன்று வாரம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று சனிக்கிழமையும் ஏழுமலை காய்கறி கொண்டு வந்தான். என் மனைவி அதை வாங்கிச் சமைத்தாள், நான் சாப்பிட்டேன். என்னைப் பற்றி இதற்கு மேல் மோசமாக எதுவும் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலாவது சனிக்கிழமை என் மனைவி அண்ணாவின் கடிதத்தை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். ஏழுமலை கொண்டு வந்த கூடையை வாங்காமல் வாசலிலேயே நிறுத்தி, "உள்ளே போய் அவர் சொல்றதைக் கேட்டுட்டு வா. அப்புறமும் குடுக்கணும்னு தோணினா குடு" என்றாள்.

சொன்னேன். அவன் நின்றபடியே கேட்டான். தெருவில் நடந்ததைக் கேட்டபோது தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். வைவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"எம்பேச்சுல தப்பா சாமி?" என்றான்.

"உன் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. நான் எழுதினதுதான் தப்பு."

அவன் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டான். "அப்டின்னா நான்தான் தப்பாச் சொன்னேன்னு எழுதிக்குங்க. நான் கைநாட்டு வெச்சுடறேன். தெரியாதவன்தானே, வுட்டுடுவாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வரக்கூடாது."

பெரிய மனசு என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். நான் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த யோசனையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை அதிகாரியின் அறைக்குப் போனேன். மனுதாரன் படிக்காதவன், வார்த்தை தவறிச் சொல்லிவிட்டான், திருத்திக்கொள்ள விரும்புகிறான் என்று ஆரம்பித்தேன்.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தை அவன் மாற்றினால், ஒரு தடவை பொய் சொன்னான் என்று ஆகும். பொய் சொன்னவனுக்கு அனுமதி கிடையாது. இல்லாவிட்டால், அவன் சரியாகச் சொல்லி நீங்கள் தப்பாக எழுதியிருக்க வேண்டும். இரண்டில் எது?"

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். அந்த இரண்டு நாளும் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதினது சரிதான் என்று எங்கேயாவது ஒரு வரி கிடைக்காதா என்று தேடினேன். ஒருத்தி காஞ்சிபுரத்தில் வேலையும் மரியாதையும் போய் நிற்கிறாள், நான் டர்பனில் அகராதி புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி சாப்பாட்டை அகராதிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அவளை நான் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை, முதல் கப்பலிலேயே கூட்டி வந்துவிட்டேன். தெருவில் நிற்க வைத்து யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை.

புதன்கிழமை போய், 'மனுதாரன் சொன்னது சரி, மொழிபெயர்ப்பு பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியும்."

"பிறகு ஏன் எழுதினீர்கள்?"

"சாப்பாட்டு நேரம்" என்றேன். அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். மைக்கூடு சர்க்காருடையது, அதை வைத்துவிட்டு வந்தேன். இன்றுவரை ஒரு குஜராத்தி துணிக்கடையில் கடிதம் எழுதுகிற வேலைதான். அவர்கள் எழுதச் சொல்வதெல்லாம் கஜமும் மூட்டையும்தான். அதில் யாரும் யாரையும் விட முடியாது.

6

ஏழுமலைக்கு அனுமதி வந்தது. அரக்கு முத்திரை போட்ட அந்தக் காகிதத்தை நானே தபாலில் சேர்த்தேன். ஒரு தப்பைச் செய்து, அதற்கு விலையும் கொடுத்து, நேராக்கிவிட்டவன் என்று என்னைப் பற்றி எனக்கு மறுபடி ஒரு மதிப்பு வரத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் மாதம் அந்தக் காகிதம் அப்படியே திரும்பி வந்தது. கூடவே அண்ணாவின் கடிதம். 'நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டேன் என்கிறாள்' என்று எழுதி, அவள் சொன்னதையும் எழுதியிருந்தார்.

"நான் இப்ப மூட்டையைக் கட்டிக்கினு கப்பலேறினா, வாழாவெட்டி எங்கயோ ஓடிப் பூட்டாள்னுதான் சொல்லுவாங்க. காயிதம் தெருவுக்கு வந்துது இல்ல? அவுரும் தெருவுக்கு வரட்டும். நாலு பேரு பாக்க என்னை இட்டுக்கினு நடக்கட்டும். அதுக்கப்பால எந்தச் சீமைக்குக் கூப்டாலும் வர்றேன்."

நான் இதை ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை. எனக்குள்ளே கோபம்தான். இந்தக் காகிதத்துக்காக நான் எதை இழந்தேன் என்று அவளுக்குத் தெரியுமா என்று இருந்தது.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாதத்தில் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். "அவ சொல்றது சரிதான் சாமி. நான் போயி இட்டாறேன்" என்றான்.

நிலத்தைப் பக்கத்துத் தோட்டக்காரனிடம் ஒப்படைத்தான். கப்பல் ஏறுமுன் ஒரு மூட்டை பச்சைப் பட்டாணி கொண்டு வந்து கொடுத்தான். என் மனைவி இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள். "வந்துடுவேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை.

அந்த வைகாசி முடிந்து அண்ணாவின் கடிதம் வந்தது. கருட சேவைக்கு இரண்டு நாள் முன்னால் ஏழுமலை காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்திருக்கிறான். மறுநாள் காலையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்திருக்கிறான். அவள் போதாது என்றாளாம். திரும்பியும் நடந்தார்களாம். குழந்தை புது மனிதனைப் பார்த்து அழுதுகொண்டே அவன் தோளில் வந்ததாம். மஞ்சள் குங்குமம் கொடுக்காத வீட்டம்மாள் வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறாள். பச்சையம்மாள், "கொஞ்ச நாள் ஆவட்டும்மா" என்று சொல்லிவிட்டு மேலே நடந்திருக்கிறாள்.

கருட சேவை அன்று ஊரே சின்னக் காஞ்சிபுரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று பேரும் தாம்பாளத்தில் பழத்தோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தென்னேரியிலேயே நிலம் பார்த்திருப்பதாகவும், கப்பல் பேச்சு இனி இல்லை என்றும் ஏழுமலை சொன்னான். என்னைப் பற்றி நிறையப் புகழ்ந்தானாம். நான் எவ்வளவு பெரிய படிப்பாளி, இங்கிலீஷை எப்படித் தண்ணீர் மாதிரி எழுதுவேன் என்றெல்லாம். என் வேலை போனதை அவன் சொல்லவில்லை. நான்தான் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பச்சையம்மாள் அவன் பேசி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்றிருக்கிறாள். பிறகு அண்ணாவிடம் சொன்னாளாம்:

"உங்க தம்பி படிச்சவருதான் சாமி, இல்லேன்னு சொல்லல. அடுத்த தபா எவனாவது பொஞ்சாதியப் பத்திச் சொன்னா, முழுசாக் கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க."

அண்ணா அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பதில் கடிதத்தில் க்ஷேமம் விசாரித்தேன், மழை விசாரித்தேன். அடுத்த தடவை என்று ஒன்று எனக்கு இல்லை என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.